உண்ண மறுக்கும் குழந்தை

கொல்கத்தா வீடுகளில் நண்பகல் உணவு பெரும்பாலும் சோறும் மீன்குழம்புமே. அந்த மணம் எட்டியதும் சில குழந்தைகள் முகம் திருப்பி அழுவர். 'முரி' எனப்படும் மொறுமொறுப்பான பொரியை மட்டுமே கேட்பர். பெரியோர் இதனைப் பிடிவாதம் எனக் கடிந்துரைப்பர். ஆயினும் அவர்களுள் சிலருக்கு மணமும் வழவழப்பும் பிறரினும் பன்மடங்கு கடுமையாகப் புலப்படும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது மிகுதி. புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒருங்கிணைக்கும் விதத்தை ஆராய்ந்து, அமெரிக்க அறிஞர் ஜீன் ஏர்ஸ் 1972-இல் நூல் வெளியிட்டார்.

பெருமூளை வாதம் உடைய குழந்தைகளுக்கோ தடை பெரும்பாலும் மெல்லும் தசையில் இருக்கும்; அத்தகையோர்க்கெனச் சுதா கௌல் 1974-இல் கொல்கத்தாவில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஆகவே காரணம் யாதென மருத்துவர் முதலில் கண்டறிதல் வேண்டும்.

வற்புறுத்தி ஊட்டினால் அச்சமே வளரும். உண்டுவந்த உணவையும் குழந்தை கைவிடக்கூடும். ஆதலின் பயிற்சி மெல்லத் தொடங்கும். முதல் நாள் பொரித்தட்டின் அருகே வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டு ஒன்று வைக்கப்படும், அவ்வளவே. தொடுதல், முகர்தல், உதட்டில் வைத்தல், நாவால் தீண்டல் ஆகியவற்றைக் கடந்தே விழுங்குதல் வரும். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். நாவில் பட்டதைத் துப்பினாலும் அது முன்னேற்றமே. அதுவரை தட்டில் பொரியும் இருக்கும்.