வார்டில் கேட்டது வார்டோடு

மருத்துவமனை வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அந்த போன் வந்துவிடும். "நம்ம எதிர்வீட்டுப் பொண்ணு உங்க ஆஸ்பத்திரியிலதான் இருக்காளாமே, என்னவாம்?" கேட்பவர் சித்தியாக இருப்பார், அக்கறையோடுதான் கேட்பார். "தெரியாது" என்று பொய் சொல்லாதீர்கள். நாளைக்கே உங்களை அந்த வார்டில் பார்த்துவிடுவார். "யாரைப் பத்தியும் வெளிய பேசக் கூடாது சித்தி, வேலை போயிடும்" என்று சொல்லிவிடுங்கள். வேலை போய்விடும் என்றால் நம் வீடுகளில் அதற்குமேல் யாரும் வற்புறுத்துவதில்லை.

ஒருவர் அங்கே சேர்ந்திருக்கிறார் என்பதே தகவல்தான். மனநலப் பிரிவு, போதை மீட்பு, குழந்தையின்மை சிகிச்சை, எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் போன்ற இடங்களில் "ஆமா, இருக்காங்க" என்ற பதிலே நோயையும் சொல்லிவிடும். வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் "யார் இருக்காங்கன்னு போன்ல சொல்றதில்லைங்க" என்பதை எல்லோரிடமும் சொல்ல வேண்டும். இல்லாதவருக்கு "இல்லை" என்றும், இருப்பவருக்கு மட்டும் "சொல்ல மாட்டோம்" என்றும் பேசினால், கேட்டவர் புரிந்துகொள்வார்.

வீட்டார் விஷயம்தான் சிக்கலானது. ரிப்போர்ட்டை முதலில் மகனிடம் கொடுத்து, நோயாளியிடம் கடைசியில் சொல்வது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. வயதுவந்த, நினைவோடு இருக்கிற நோயாளியிடம் அட்மிஷன் அன்றே கேளுங்கள்: "உங்க விஷயத்தை யார்கிட்ட பேசலாம்?" சொன்ன பெயரைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால் பிறகு வரும் பெரியப்பா, மச்சான் சண்டைகள் பாதி குறையும். பெண்ணிடம் கர்ப்பம், கருக்கலைப்பு பற்றிக் கேட்கும்போது கணவர் உட்பட எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லுங்கள்.

சட்டமும் இதில் கறாரானது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகள் வாய் திறக்க அனுமதிப்பது மூன்றே இடங்களில்: நீதிபதியின் உத்தரவு, குறிப்பிட்ட நபருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள். காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது கடமை. பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தெரிவிப்பது விதிமீறல்.

எச்.ஐ.வி. பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். சென்னை மருத்துவமனை ஒன்றில் செய்த ரத்தப் பரிசோதனையின் முடிவு தெரியவந்து, ஒருவரின் திருமணம் நின்றது. மணப்பெண்ணின் உயிர் ஆபத்தைக் காரணம் காட்டி, மருத்துவமனை அதை வெளியிட்டது தவறல்ல என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு "நான் சொன்னா நல்லதுதானே" என்று யாரும் கிளம்பக் கூடாது. 2017-இல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி துணைவரிடம் சொல்லும் அதிகாரம் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே. அதுவும் முதலில் நோயாளியையே சொல்லும்படி ஆலோசனை கூறி, அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்து, தாங்கள் சொல்லப்போவதை அவருக்குத் தெரிவித்த பிறகுதான். நர்ஸும் லேப் டெக்னீஷியனும் இதில் இறங்கவே வேண்டாம். கோப்பின்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கமும் ஒழிய வேண்டும். எல்லோருடைய ரத்தத்தையும் ஒரே எச்சரிக்கையோடு கையாண்டால் அந்த ஸ்டிக்கருக்கு வேலையே இல்லை.

மற்றபடி விஷயம் கசிவது லிஃப்ட்டிலும் கேன்டீனிலும், இப்போது அதிகமாக வாட்ஸ்அப்பிலும். சீனியரிடம் கருத்துக் கேட்க எக்ஸ்ரே படம் அனுப்புவீர்கள். மூலையில் நோயாளியின் பெயரும் வயதும் இருக்கும். அதை வெட்டிவிட்டு அனுப்புங்கள். குழுவில் போடாதீர்கள், ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். உங்கள் கணினிக் கடவுச்சொல்லைப் பக்கத்து ஷிஃப்ட்டுக்காரருக்குக் கொடுத்தால், அவர் திறந்து பார்த்த கோப்பெல்லாம் உங்கள் பெயரில்தான் பதிவாகும்.

நோயாளி வேலை செய்யும் நிறுவனத்து எச்.ஆர். அழைத்தாலும், காவல்துறையினர் வந்தாலும் வார்டில் நின்று பதில் சொல்லாதீர்கள். எழுத்தில் கேட்கச் சொல்லி மருத்துவ ஆவணப் பிரிவுக்கு அனுப்புங்கள். ஆனால் நோயாளியே தன் ஆவணத்தைக் கேட்டால் ரகசியம் என்று சாக்குச் சொல்ல முடியாது. 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும். இதில் இழுத்தடிக்கும் மருத்துவமனைகள் ரகசியம் பேசுவதுதான் வேடிக்கை.

எவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் ஒரு ரிப்போர்ட் தவறான எண்ணுக்குப் போய்விடலாம். அழித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். என்ன போனது, யாருக்கு, எத்தனை மணிக்கு என்று எழுதி அன்றே பொறுப்பாளரிடம் கொடுங்கள். நோயாளிக்கு அதை யார் சொல்வது என்பதையும் அங்கேயே முடிவுசெய்யச் சொல்லுங்கள்.