கூட்டிக் கிடைத்த பதினைந்து வருஷம்

இம்மாத வேதபாடத்தை எழுதும்படி பாஸ்டர் ஐயா சொன்னபோது, எசேக்கியா ராஜாவைப் பற்றி எழுதலாம் என்று உடனே மனதில் பட்டது. பட்டதும், வேண்டாமே என்றும் தோன்றியது. ஏனென்றால் இந்தப் பாடம் முதலாவது என்னைத்தான் குத்துகிறது. 2 இராஜாக்கள் 18 முதல் 21 வரையும், ஏசாயா 38, 39 அதிகாரங்களையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எசேக்கியா 25 வயதில் ராஜாவானான், 29 வருஷம் அரசாண்டான். ஆகவே மரிக்கும்போது 54 வயது. வியாதிப்பட்டபோது அவனுக்கு 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. கழித்துப் பாருங்கள், மரணப்படுக்கையில் கிடந்தபோது வயது 39 தான்! அவன் சாதாரண பக்திமானும் அல்ல. விக்கிரகங்களை உடைத்தவன். மோசே பண்ணின வெண்கலச் சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபம் காட்டினபடியால், அதைக்கூட உடைத்துப் போட்டவன். அப்படிப்பட்டவனிடத்தில்தான் ஏசாயா வந்து, நீ பிழைக்கமாட்டாய், வீட்டுக் காரியத்தைப் பார்த்துக்கொள் என்று சொல்கிறார். விசுவாசி என்பதற்காக மரணத்தில் நமக்குச் சலுகை இல்லை.

அவன் சுவர்ப்புறமாகத் திரும்பி அழுதான். ஏசாயா அரமனையின் நடுமுற்றத்தைத் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. பிளவையின்மேல் அத்திப்பழத்தைப் பற்றுப்போடச் சொன்னார்கள், பிழைத்தான். (மாத்திரை சாப்பிடலாமா கூடாதா என்று நம்மிடையே சண்டை போடுகிறவர்கள் அந்த அத்திப்பழத்தைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.)

கன்வென்ஷன்களிலும் இதுவரைக்கும்தான் பிரசங்கிப்பார்கள். அல்லேலூயா சொல்லி முடித்துவிடுவோம். அடுத்த அதிகாரத்தை யாரும் விரும்புகிறதில்லை.

அவன் சுகமானதைக் கேள்விப்பட்டு, பாபிலோன் ராஜா ஆட்களை அனுப்பினான். அவர்கள் எதற்கு வந்தார்கள்? 2 நாளாகமம் 32:31ஐப் பாருங்கள். தேசத்தில் நடந்த அற்புதத்தை விசாரிக்க வந்தார்கள். கர்த்தரை அறியாத ஜனம், உங்கள் தேவன் என்ன செய்தார் என்று வீடு தேடி வந்து கேட்கிறது! எசேக்கியா எதைக் காட்டினான்? வெள்ளி, பொன், கந்தவர்க்கம், பரிமளதைலம், ஆயுதசாலை. காட்டாத பொருள் ஒன்றுமில்லை. கர்த்தரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக அங்கே எழுதியிருக்கிறதா? நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இப்போது என் காரியத்தைச் சொல்கிறேன். 2017-ல் கடையில் அரிசி மூட்டை இறக்கும்போது மார்பு அடைத்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். சபையார் மூன்று நாள் உபவாசித்தீர்கள், மறக்கவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு, ஆண்டவரே, பிழைத்தால் தினமும் பிள்ளையோடு உட்கார்ந்து ஜெபிப்பேன் என்று பொருத்தனை பண்ணினேன். வீட்டுக்கு வந்ததும் இன்சூரன்ஸ் எடுத்தேன், உயில் எழுதினேன், இரண்டாவது கடையும் திறந்தேன். வீட்டை ஒழுங்கு பண்ணுவது அதுதான் என்று நினைத்தேன். குடும்ப ஜெபம் நாலு மாசம் நடந்தது. அப்புறம், "கணக்கு முடிச்சிட்டு வரேன், நீங்க ஆரம்பிங்க" என்று போனில் சொல்வேன். வீட்டுக்குப் போனால், "என்னங்க, பையன் இவ்வளவு நேரம் காத்திருந்து தூங்கிட்டான்" என்பாள் மனைவி. பிறகு அவளும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அப்போது பையனுக்கு ஒன்பது வயது. இப்போது காலேஜ் போகிறான், ஆராதனைக்கு வருவதில்லை. ஏன்டா என்று கோபமாய்க் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "அப்பா, நீங்க பிழைச்சதை சபையில சாட்சி சொன்னீங்க. என்கிட்ட கடையைப் பத்தி மட்டும்தானே பேசியிருக்கீங்க" என்றான். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

எசேக்கியாவின் மகன் மனாசே ராஜாவாகும்போது வயது 12. வேதத்தின் கணக்குப்படி, அந்த 15 வருஷத்துக்குள்ளேதான் அவன் பிறந்தான். தகப்பனுக்குக் கூட்டிக் கொடுக்கப்பட்ட நாட்களிலேயே வளர்ந்தவன், தகப்பன் இடித்த மேடைகளைத் திரும்பக் கட்டினான். மகன் கெட்டதற்கெல்லாம் தகப்பன்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. எசேக்கியாவின் தகப்பன் ஆகாஸ் பொல்லாதவன், அவனுக்கு இந்த நல்ல பிள்ளை பிறக்கவில்லையா? ஆனாலும் ஒன்று மனதை உறுத்துகிறது. உன் வம்சத்தாரைப் பாபிலோனுக்குக் கொண்டுபோவார்கள் என்று ஏசாயா சொன்னபோது, என் காலத்தில் சமாதானம் இருக்குமே என்று எசேக்கியா ஆறுதல்பட்டான். தன் உயிருக்காகச் சுவரைப் பார்த்து அழுதவன், பிள்ளைகளுக்காக அழுததாக எழுதப்படவில்லை.

வியாபாரம் பாவமா? இல்லை. எசேக்கியா நகரத்துக்குள் தண்ணீர் கொண்டுவந்தது அவசியமான வேலை. அது என்று சொல்லப்படுகிற சுரங்கம் எருசலேமில் இன்றும் இருக்கிறது. சுமார் 533 மீட்டர் நீளம், இரண்டு பக்கமிருந்தும் பாறையைக் குடைந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள். அதிலே தண்ணீர் இப்போதும் ஓடுகிறது. 1880-ல் அதன் சுவரில் ஒரு கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. வெட்டினவர்கள் சந்தித்த விதமெல்லாம் அதில் இருக்கிறது, ராஜாவின் பேர் இல்லை. நான் கட்டின இரண்டாவது கடையின் போர்டில் என் பேர் பெரிய எழுத்தில் இருக்கிறது. எத்தனை வருஷத்துக்கு இருக்கும்?

இந்த வாரம் உங்கள் குடும்ப ஜெபத்தில் 2 நாளாகமம் 33ஐ வாசியுங்கள். மனாசே சங்கிலியால் கட்டுண்டு பாபிலோனில் கிடந்தபோது, தன் பிதாக்களின் தேவனை நோக்கிக் கெஞ்சினான். அவர் கேட்டார், திரும்பவும் எருசலேமுக்கு வரப்பண்ணினார். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இரண்டாவது கடையை விட்டுவிட்டேன். மற்றதை எட்டு மணிக்குச் சாத்துகிறேன். எட்டரைக்கு எங்கள் வீட்டில் ஜெபம். அவன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. போன வாரம் இரண்டு நாள் மட்டும் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தான். அவனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.