கட்டும்போதே தொடங்கும் சுத்தம்

‘சுத்தம் சோறு போடும்’ என்ற வாசகத்தைப் பள்ளிச் சுவரில் படித்து வளர்ந்தவர்கள் நாம். பிழைப்புக்காகத் தில்லி, மும்பை, கொல்கத்தா என்று வந்து சேர்ந்த பிறகு, நாமும் பொதுவில் பல இடங்களை உருவாக்கியிருக்கிறோம். சங்க மண்டபம், கோயில், பள்ளிக்கூடம், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று பட்டியல் நீளும். திறப்பு விழா அன்று பளபளக்கும் கட்டடம், ஐந்தாறு ஆண்டுகளில் கறை படிந்து, கழிவறைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகும் நிலைக்கு வந்துவிடுகிறது. “பெருக்குகிற ஆள் சரியில்லை” என்று கூட்டத்தில் பேச்சு எழுகிறது. ஆளை மாற்றுகிறார்கள், அழுக்கு மாறுவதில்லை. பல இடங்களில் குறை கட்டடத்தின் அமைப்பில் இருப்பதே காரணம். சுத்தம் செய்யும் வழியையும் சேர்த்துக் கட்டினால்தான் சுத்தம் நிலைக்கும். அதற்கான அடிப்படைகள் சிலவற்றை இங்கே பார்ப்போம்.

பழையவர்கள் தரும் பாடம்

இன்று பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இருக்கும் மொஹெஞ்சதாரோ, 4,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான நகரம். அங்குள்ள பெருங்குளம் சுமார் 12 மீட்டர் நீளமும், 7 மீட்டர் அகலமும், 2.4 மீட்டர் ஆழமும் கொண்டது. தண்ணீர் கசியாமல் இருக்கச் செங்கல்லுக்குப் பின்னால் நிலக்கீல் பூசியிருக்கிறார்கள். குளத்தின் தரை தென்மேற்கு மூலையை நோக்கிச் சரிந்திருக்கிறது. குளத்தைக் காலி செய்ய வேண்டுமானால் தண்ணீர் தானாகவே அந்த மூலைக்குப் போய் வெளியேறிவிடும். தெருச் சாக்கடைகளைச் செங்கல்லாலும் கல் பலகையாலும் மூடினார்கள். ஆனால், தேவைப்பட்டபோது தூக்கிச் சுத்தம் செய்யும்படி அவற்றை வைத்தார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. தண்ணீருக்கு வழி சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. மூடியதைத் திறக்க முடிய வேண்டும் என்பது மற்றொன்று.

தண்ணீருக்கு வாட்டம்

நம் ஊர்க் கொத்தனார்கள் ‘வாட்டம்’ என்று சொல்வது இந்த முதல் பாடத்தைத்தான். கழுவும் தரைக்கு 10 அடி நீளத்தில் ஒன்றேகால் அங்குலமாவது இறக்கம் வேண்டும். கல் பதித்து முடித்ததும், பணம் கொடுப்பதற்கு முன், ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். தண்ணீர் எங்காவது தேங்கி நின்றால் அங்கேதான் பாசி பிடிக்கும்; அங்கேதான் வழுக்கும். பிறகு எத்தனை பினாயில் ஊற்றினாலும் அது தீராது.

பிளம்பர்கள் ‘நானி டிராப்’ என்று சொல்லும் தரைப்பொறியில் 50 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தை உள்ளே வராமல் தடுக்கிறது. பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் மட்டுமே திறக்கும் மண்டபங்களில் இது காய்ந்துபோய், கழுவிய கழிவறையும் நாறுகிறது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு பொறியிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

மூலையும் இடுக்கும்

ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: துடைப்பம் நுழைய வேண்டும், இல்லையென்றால் தூசி நுழையக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்குதான் அழுக்கின் வீடு. பெஞ்சு, அலமாரி ஆகியவற்றின் அடியில் துடைப்பம் தாராளமாகப் போகும் அளவுக்கு இடம் விடுங்கள். அல்லது தரையோடு ஒட்டிக் கட்டிவிடுங்கள். கைகழுவும் தொட்டியைச் சுவரில் பொருத்தினால் அடியில் கழுவுவது எளிது. கழிவறைத் தடுப்புகள் தரையிலிருந்து அரை அடி உயர்ந்து நிற்கட்டும். தரையும் சுவரும் சேரும் இடத்தைக் கூரிய மூலையாக விடாமல் வளைவாகப் பூசினால், ஒரே இழுப்பில் அழுக்கு வந்துவிடும். மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை அறைகளில் மூலைகளை வளைவாக அமைப்பது இதற்காகத்தான்.

மும்பைக் கட்டடங்களில், வெற்றிலை துப்பும் படிக்கட்டு மூலையில் சாமி படம் போட்ட ஓடு பதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாமியைக் காவலுக்கு வைப்பதைவிட அங்கே ஒரு ஜன்னலும் விளக்கும் வைக்கலாம். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் துப்புவதற்கு எவருக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கும்.

தரையும் ஆசிட்டும்

வட இந்தியாவில் பொது இடங்களில் அதிகம் பதிக்கப்படும் கோட்டா கல் ராஜஸ்தானிலிருந்து வருகிறது. உறுதியான, பொதுப் பயனுக்கு ஏற்ற கல். ஆனால், அது சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. சலவைக் கல்லும் அப்படியே. இவற்றின்மேல் ஆசிட் ஊற்றினால் கறையோடு கல்லின் மேற்பரப்பும் கரையும். மழமழப்புப் போன கல்லில் அழுக்கு முன்னைவிட வேகமாக ஒட்டும். மொசைக் தரையிலும், ஓடுகளின் சிமெண்டு இணைப்பிலும் இதே கதைதான். சாதாரண சோப்புத் தூளும் தண்ணீரும் போதும். கழிவறைத் தரைக்குச் சொரசொரப்பான ஓடும், சுவருக்கு வழவழப்பான ஓடும் ஏற்றவை. இடம் மாற்றிப் பதித்தால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள்.

தூசியும் புறாவும்

தில்லியில் மே, ஜூன் மாதங்களில் ‘ஆந்தி’ என்ற புழுதிக்காற்று அடிக்கும். அந்த ஊரில் அலங்காரத்துக்காகச் சுவரில் விடும் ஒவ்வொரு விளிம்பும் தூசித் தட்டுதான். வெளிப்புற விளிம்புகளை 45 பாகைக்கு மேல் சாய்வாகக் கட்டினால் தூசியும் அதிகம் தங்காது; புறாவுக்கும் உட்கார இடம் கிடைக்காது. வாசலில் இரும்புக் கிராதியும் நீளமான தேங்காய் நார் மிதியடியும் போட்டால், செருப்போடு வரும் மண்ணில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். செருப்பு அலமாரியைப் பிறகு யோசிக்காமல் வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.

வாளியை எங்கே நிரப்புவது?

பல கட்டடங்களில் மூன்றாம் மாடியைத் துடைப்பவர் கீழ்த்தளத்திலிருந்து வாளியைச் சுமந்து ஏறுகிறார். ஒரே வாளித் தண்ணீரில் மூன்று தளமும் துடைக்கப்பட்டால் குற்றம் யாருடையது? ஒவ்வொரு தளத்திலும் வாளி வைக்கும் உயரத்தில் ஒரு குழாய், அழுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு தொட்டி, துடைப்பம் மாட்ட ஒரு சிறு அறை வேண்டும். நீளமான கைப்பிடியுள்ள துடைப்பம் வாங்கிக் கொடுத்தால் அவர் முதுகும் தப்பும்.

உயிர் காக்கும் மூடி

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. செப்டிக் டேங்கின் மூடிமேல் அழகுக்காகக் கல் பதித்துவிடுகிறார்கள்; அல்லது லாரி வர முடியாத சந்தில் டேங்கைக் கட்டுகிறார்கள். அடைத்துக்கொண்டால் ஓர் ஆளை இறக்குகிறார்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, அளவு கூடினால் மோப்ப சக்தியையே மழுங்கடித்துவிடும். ஆபத்து தெரிவதற்குள் மயக்கம் வந்துவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து இறப்பதைச் செய்திகளில் படிக்கிறோம்.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், எந்தத் தொகையும் உயிருக்கு ஈடாகாது. டேங்கின் மூடி திறந்த வெளியில், எளிதில் திறக்கும்படி, கழிவு உறிஞ்சும் லாரியின் குழாய் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரியை அழைத்தால் யாரும் உள்ளே இறங்க வேண்டிய தேவையே வராது.

கூட்டத்தில் கேளுங்கள்

அடுத்த முறை உங்கள் சங்கத்திலோ குடியிருப்பிலோ புதிய கட்டட வரைபடம் மேசைக்கு வரும்போது, முகப்பின் அழகைப் பார்த்துவிட்டு இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? எந்த மூலைக்குத் துடைப்பம் எட்டாது? எந்தக் குழாயைச் சுவரை உடைக்காமல் பழுது பார்க்கலாம்? டேங்கை யார், எப்படிக் காலி செய்வார்கள்?

கூடவே, அந்த இடத்தைத் தினமும் பெருக்கப் போகிறவரையும் கூட்டத்துக்கு அழைத்து, ஒரு நாற்காலி போட்டு, அவர் யோசனையைக் கேளுங்கள். பொறியாளர் கவனிக்காமல் விட்டது அவர் கண்ணில் படும். நன்கொடை கொடுத்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கிறோம். அந்தக் கல் பல ஆண்டுகளுக்குப் பளிச்சென்று இருப்பது அவர் கையில்தான் இருக்கிறது.