இசையில் மேனிலைப் பயிற்சி

பள்ளியின் இறுதி வகுப்புக்களில் பயிலும் மாணவருள், இசையில் இயல்பாகவே வல்லவரான சிலர் எங்கும் உளர். வர்ணங்கள் சிலவும் கீர்த்தனைகள் பலவும் அவர்க்குப் பாடமாயிருக்கும். ஆண்டுவிழாக்களில் அவர் பாடுவர், பரிசிலும் பெறுவர். ஆயின், அவருட் பலர் அவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். பொதுத்தேர்வு நெருங்குதலும், இனிக் கற்கவேண்டியது யாதென எடுத்துக் கூறுவார் இன்மையும் இதற்குக் காரணங்களாம். பதினாறாம் ஆண்டில் நின்றுபோன கல்வியை முப்பதாம் ஆண்டில் மீட்டல் அரிது. ஆதலின், அம்மாணவர் மேற்கொள்ளத்தக்க பயிற்சியின் இயல்பை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

முதற்கண் குரலைப்பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். ஏறக்குறையப் பன்னிரண்டு முதல் பதினாறு வயதிற்குள் ஆண்மக்களின் குரல்வளை விரைந்து வளர்கின்றது; குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. அதனாற் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி தாழ்கின்றது. ஐந்து கட்டையில் எளிதாகப் பாடிய சிறுவன் ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டைக்கு இறங்கவேண்டியவனாகின்றான். இதனை அறியாதார், 'குரல் கெட்டது' என்று வருந்திப் பாட்டைக் கைவிடுவர். அன்றேல் பழைய சுருதியிலேயே வலிந்து பாடித் தொண்டையைப் புண்படுத்துவர். இரண்டும் தவறாம். குரல் மாறுங்காலம் இசைக்கல்வி ஒழியுங் காலமன்று. தாழ்ந்த சுருதியில் மென்மையாகச் சிறிதுநேரமே பாடி, எஞ்சிய நேரத்தை வீணை, வயலின் முதலிய கருவிகளிலும், தாளத்திலும், இசையிலக்கணத்திலும் செலவிடுதல் நன்று. பெண்மக்களின் குரலும் சிறிது தாழ்தல் உண்டு. எனினும் அம்மாற்றம் மிகுதியன்று.

இனி, மேனிலைப் பயிற்சி என்பது யாது? இன்னும் இருபது கீர்த்தனைகளை நெட்டுருச் செய்தல் அன்று. கற்றதன் காரணத்தை அறிதலும், கல்லாததைத் தானே படைக்கும் ஆற்றலைப் பெறுதலுமே அதுவாகும். அது சுருதி, மேளம், மனோதர்மம் என மூவகைப்படும்.

முதலாவது சுருதி. இருபத்துநான்கு அங்குல நீளமுள்ள தந்தி ஒன்றை மீட்டி எழும் ஒலியை ஸட்ஜமெனக் கொள்வோம். அதனை நடுவே அழுத்திப் பன்னிரண்டு அங்குலத்தை ஒலிப்பின் மேல் ஸட்ஜம் பிறக்கும். பதினாறு அங்குலத்தை ஒலிப்பின் பஞ்சமமும், பதினெட்டு அங்குலத்தை ஒலிப்பின் சுத்த மத்தியமமும் பிறக்கும். இனி, பஞ்சமத்தையே ஸட்ஜமாக வைத்து அதன் பஞ்சமத்தைக் காண்க; இவ்வாறு பன்னிருமுறை சென்றால் ஏழு ஸ்தாயி கடந்து தொடங்கிய ஸ்வரத்தையே அடைதல் வேண்டும் எனத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்பின் அவ்வாறு அடைவதில்லை, சிறிது மிகுகின்றது. இம்மிகுதியைப் பன்னிரண்டு ஸ்வரங்கட்கும் பங்கிட்டே ஆர்மோனியம் முதலியவற்றைச் சுருதி கூட்டுகின்றனர். ஆதலால் அதன் பஞ்சமம் இயற்கைப் பஞ்சமத்தினும் மிகச் சிறிது குறைந்ததாகும். ஸ்வரத்தை அசைத்துப் பிடிக்கும் கமகமும் அதன் கட்டைகளில் எழாது. 1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிகழ்ச்சிகளினின்றும் விலக்கியமைக்கு இத்தகைய குறைகளே காரணமாகக் கூறப்பட்டன. அத்தடை பின்னர்த் தளர்த்தப்பட்டது. மாணவர் நாடோறும் தம்புராவின் முன் அமர்ந்து ஸட்ஜ பஞ்சமங்களைச் செவியால் ஒப்பிட்டு அறிதல் வேண்டும். செவி கூர்மையுறாதவழி ஏனைய கல்வியெல்லாம் மணலிற் கட்டிய மனையாம்.

இரண்டாவது மேளம். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி எழுபத்திரண்டு மேளங்களை வகுத்தனர். அவ்வெண்ணின் காரணம் எளிது. ரிஷப காந்தாரங்கள் கூடும் வகை ஆறு. தைவத நிஷாதங்கள் கூடும் வகை ஆறு. இவற்றைப் பெருக்க முப்பத்தாறு. சுத்த மத்தியமத்தோடு முப்பத்தாறும் பிரதி மத்தியமத்தோடு முப்பத்தாறுமாக எழுபத்திரண்டாயின. ஆகவே, 29ஆம் மேளமாகிய தீரசங்கராபரணத்தோடு 36ஐக் கூட்டின் 65ஆம் மேளமாகிய மேசகல்யாணி கிடைக்கும். இரண்டிற்கும் மத்தியமம் ஒன்றே வேறுபாடு. 15ஆம் மேளமாகிய மாயாமாளவகௌளைக்கு இணையாகப் பிரதி மத்தியமத்தில் நிற்பது 51ஆம் மேளமாகிய காமவர்த்தனி. பெயரின் முதல் ஈரெழுத்துக்களே எண்ணைக் காட்டுதலும் காண்க. கடபயாதி முறைப்படி 'மா' ஐந்தையும் 'யா' ஒன்றையும் குறிக்கும். 51 என்பதைத் திருப்பிப் படிக்க 15 ஆகும். 'கா' ஒன்று, 'ம' ஐந்து. திருப்பிப் படிக்க 51 ஆகும்.

இதனினும் வியக்கத்தக்கது பண்ணுப் பெயர்த்தல். சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாகக் கொண்டு அவ்வேழு ஸ்வரங்களையே பாடின் கரகரப்பிரியா பிறக்கும். காந்தாரத்தினின்று தோடியும், மத்தியமத்தினின்று கல்யாணியும், பஞ்சமத்தினின்று அரிகாம்போதியும், தைவதத்தினின்று நடபைரவியும் பிறக்கும். நிஷாதத்தினின்று தொடங்கின் பஞ்சமம் இல்லாது இரு மத்தியமமும் வருதலின் மேளம் அமையாது. இம்முறையைச் சிலப்பதிகார காலத்துத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். ஏழு பாலைகளும் இவ்வாறே ஒன்றினின்றொன்று திரிந்து பிறந்தன என்பர் ஆராய்ச்சியாளர்.

மூன்றாவது மனோதர்மம். ஆலாபனையும் கற்பனை ஸ்வரமும் இதன்பாற்படும். 'இவை பிறவிப் பேறு. கற்பிக்க வாரா' என்பார் கூற்று முற்றும் பொருந்தாது. ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். ஆதி தாளம் எட்டு அட்சரமுடையது. மத்திம காலத்தில் அட்சரத்திற்கு நான்கு ஸ்வரமாக ஓர் ஆவர்த்தனத்தில் முப்பத்திரண்டு ஸ்வரம் அடங்கும். ஐந்து ஸ்வரமுள்ள ஒரு சொற்கட்டை மும்முறை பாடிச் சமத்தில் முடித்தல் வேண்டுமாயின், அதற்குப் பதினைந்து வேண்டும், எஞ்சுவன பதினேழு. ஆகவே நான்கு அட்சரம் கடந்து, ஐந்தாம் அட்சரத்தின் இரண்டாம் ஸ்வரத்தில் தொடங்குக. சொற்கட்டை ஆறாகவும் ஏழாகவும் மாற்றித் தொடங்குமிடத்தைத் தானே கண்டறியும் மாணவன் சின்னாளில் அச்சம் நீங்குவான். எனினும் கணக்கு வேலியேயன்றிப் பயிர் அன்று. இராகத்தின் உருவம் உள்ளத்தில் நிறைந்திராதவிடத்துக் கணக்கு வெறும் எண்ணாகவே ஒலிக்கும்.

இக்காலத்துக் கைப்பேசியில் எந்த வித்துவானுடைய பாட்டையும் கேட்கலாம். இஃது ஒரு பெரும் பேறு. ஆயினும், கேட்டதை அவ்வாறே பாடிக் காட்டுதலே புலமையென மயங்குதல் கூடாது. பத்துமுறை கேட்டபின், 'இவர் இவ்விடத்தில் ஏன் நின்றார்? இந்த ஸ்வரத்தை ஏன் நீட்டினார்?' என வினவுக. அவ்வினாவே ஆசானிடம் செல்லும் வழியாகும்.

பிள்ளைகள் ஏதேனும் ஒரு வேலையிலமர்தலை விரும்பும் பெற்றோர்க்கும் ஒன்று கூறுவோம். அவர் கவலை நியாயமானதே. ஆனால் இசையையும் தொழிலையும் பகையெனக் கருத வேண்டுவதில்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியாசிரியராய் இருந்தவர்; பின்னர் மருத்துவத்தால் பொருளீட்டியவர். அவரே 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் பொருளாலேயே இசை மாநாடுகள் கூட்டினார்; 1917இல் ஆயிரம் பக்கங்களினும் மிக்க 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். இசையையே வாழ்க்கையாகக் கொள்ள விழைவார்க்கும் கல்விக்கூடங்கள் பல உள. அண்ணாமலை நகரில் 1929இலும், சென்னையில் அரசாங்கத்தின் சார்பில் 1949இலும் தோன்றிய இசைக் கல்லூரிகள் அவற்றுள் முன்னோடியாவன.

ஆகவே, இசைவல்ல மாணவர் நாளில் ஒருமணி நேரத்தையேனும் மூன்றாகப் பகுத்து, முதற்பகுதியைச் சுருதிக்கும், இரண்டாவதை இலக்கணத்திற்கும், மூன்றாவதைத் தாமே படைத்துப் பாடுதற்கும் உரியதாக்குவாராக. தேர்விற்குப் படிக்குங் காலத்தும் அவ்வொருமணி இடையூறாகாது. ஒருமைப்பட்ட செவியும் அளவறிந்த மனமும் ஏனைய பாடங்கட்கும் உறுதுணையாம். ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் இத்தகைய சிறுவர் சிறுமியரைக் காணுமிடத்து, கைதட்டி வாழ்த்துவதோடு நில்லாது, தக்க ஆசானிடம் அழைத்துச் சென்று சேர்ப்பித்தல் வேண்டும். அஃதே அவர்க்கு நாம் அளிக்கத்தக்க மெய்யான பரிசில் ஆகும்.