கோப்பு சென்று சேர்ந்ததா?

நுழையும்முன்

‘முடியவில்லை’ என்று கணினி அறிவித்தால் எரிச்சல் கொள்கிறோம். ‘முடிந்தது’ என்று அறிவித்தால் எழுந்து சென்றுவிடுகிறோம். இவ்விரு அறிவிப்புகளையும் பொருளுணர்ந்து படிப்பது எவ்வாறு என்பதை விளக்குகிறது இப்பாடம்.

ஒரு கணினியில் உள்ள கோப்பை வேறொரு கணினிக்கு அனுப்புவது இன்று விரல்நுனி வேலையாகிவிட்டது. 1971ஆம் ஆண்டில் அது அத்துணை எளிதன்று. அன்று அர்ப்பாநெட் வலையமைப்பில் இணைந்திருந்த கணினிகள் வெவ்வேறு நிறுவனங்களின் படைப்புகள். எழுத்துகளைச் சேமிக்கும் முறைகூட ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தது. அவை தம்முள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு பொது ஒழுங்கு தேவைப்பட்டது. அதன் முதல் வரைவை அவ்வாண்டு ஏப்ரலில் வெளியிட்டவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவரான அவர், அப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பயின்றுகொண்டிருந்தார். அவ்வரைவே வளர்ந்து, எஃப்.டி.பி. எனப்படும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறை ஆயிற்று.

இரண்டு வழிகள்

இந்நெறிமுறையில் நம் மேசைக் கணினியிலுள்ள கிளையண்ட் மென்பொருளும் தொலைவிலுள்ள சேவையகமும் இரண்டு இணைப்புகளால் உறவாடுகின்றன. ஒன்று கட்டளை வழி. சேவையகத்தின் 21ஆம் எண் வாயிலில் இது தொடங்கும். பயனர் பெயர், கடவுச்சொல், ஆணைகள் யாவும் இதன்வழியே செல்லும். மற்றொன்று தரவு வழி. கோப்பும் கோப்புகளின் பட்டியலும் இதில்தான் பயணம் செய்யும்.

பலரையும் திகைக்கவைக்கும் சிக்கல் ஒன்று இங்கேதான் பிறக்கிறது. கடவுச்சொல் ஏற்கப்படுகிறது, ஆனால், கோப்புப் பட்டியல் வருவதில்லை. திரை வெறுமையாகவே நிற்கிறது. கடவுச்சொல்லை மாற்றி மாற்றி இட்டுப் பார்ப்பதால் பயனில்லை. கட்டளை வழி திறந்திருக்கிறது, தரவு வழி அடைபட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். பழைய ‘ஆக்டிவ்’ முறையில் தரவு வழியைச் சேவையகமே நம் கணினியை நோக்கித் திறக்க முயலும். நம் பக்கத்துத் தீயரண், அழையா விருந்தாளி என அதைத் தடுத்துவிடும். கிளையண்டின் அமைப்பில் ‘பாசிவ்’ முறையைத் தேர்ந்தெடுத்தால் இரு வழிகளையும் நம் கணினியே திறக்கும். பெரும்பாலும் சிக்கல் தீரும். அப்போதும் தீரவில்லையெனில், சேவையகத்தின் தீயரணில் தரவு வழிக்குரிய வாயில்கள் மூடியிருக்கலாம். அதைத் திறப்பது சேவையகப் பொறுப்பாளரின் வேலை.

எண்கள் பேசும்

சேவையகம் ஒவ்வொரு மறுமொழியையும் மூன்றிலக்க எண்ணுடன் தொடங்கும். 530 எனில் நுழைவு மறுக்கப்பட்டது. 425 எனில் தரவு வழியைத் திறக்க இயலவில்லை. 550 எனில் அக்கோப்பு அங்கு இல்லை, அல்லது அதைத் தொட நமக்கு உரிமையில்லை. லினக்ஸ் சேவையகங்கள் ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கருதும் என்பதை மறந்து இந்த 550இல் சிக்குவோர் பலர். 4இல் தொடங்கும் எண் தற்காலிகத் தடையைக் குறிக்கும். சற்றுப் பொறுத்து மீண்டும் முயலலாம். 5இல் தொடங்குவது, அதே ஆணையை அப்படியே திரும்ப இடுவதில் பயனில்லை என்பதைக் குறிக்கும்.

226 என்பது மகிழ்ச்சிக்குரிய எண்: பரிமாற்றம் முடிந்தது. எனினும், இதுவே ஒருமுறை பேரிழப்புக்கு வழிவகுத்தது. ஆசிரியர் ஒருவர் சிற்றூர்க் கோயில் ஒன்றின் கல்வெட்டுகளை ஒளிப்படம் எடுத்து வைத்திருந்தார். பின்னர் நடந்த திருப்பணியில் அக்கற்கள் பெயர்க்கப்பட்டன. விண்டோஸ் கணினியிலிருந்து லினக்ஸ் சேவையகத்திற்குப் படங்களை அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் 226 வந்தது. வட்டில் இடமில்லாததால் மூலப்படங்களை அழித்துவிட்டார். சில நாள் கழித்துத் திறந்தபோது, படங்களின் மேற்பகுதியில் மட்டுமே கல் தெரிந்தது. கீழே வண்ணக் கோடுகள்!

நடந்தது இதுதான். விண்டோஸின் கட்டளைவரி எஃப்.டி.பி., தானாக உரை முறையில் இயங்குவது. விண்டோஸ், உரையின் வரி முடிவை 13, 10 என்னும் இரு பைட்டுகளால் குறிக்கும். லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். ஆகவே உரை முறையில், 10க்கு முன்வரும் 13 நீக்கப்படும். உரைக்கு இது உதவி. படத்திலோ அவை வரி முடிவுகள் அல்ல, படத்தின் உறுப்புகள். முப்பது இலட்சம் பைட்டுகள் கொண்ட படத்தில் இவ்விணை தற்செயலாக ஏறத்தாழ 46 இடங்களில் வரக்கூடும். நீக்கப்பட்ட 46 பைட்டுகளை மீண்டும் செருகிவிடலாமே எனில், 10 என்னும் பைட் மட்டும் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் நிற்கும். அவற்றுள் எந்த நாற்பத்தாறு? அறிய வழியில்லை. அனுப்புமுன் ‘பைனரி’ என்று ஒரு சொல் தட்டச்சு செய்திருந்தால் படங்கள் பிழைத்திருக்கும்.

சேவையகம் பொய் சொல்லவில்லை. தனக்கு வந்தது முடிந்தது என்றது. வந்தது சரியா என்பது அதற்குத் தெரியாது. இரு பக்கத்துக் கோப்பு அளவுகளையும் ஒப்பிட்டிருந்தாலே குறைவு புலப்பட்டிருக்கும். அரிய கோப்பெனில், ‘எஸ்.எச்.ஏ.-256’ சரிபார்ப்புக் குறியீட்டை இரு கணினிகளிலும் கணித்து ஒப்பிடுதல் வேண்டும்.

தெரியுமா?

பி.என்.ஜி. படக்கோப்பின் முதல் எட்டுப் பைட்டுகளுள் 13, 10 என்னும் இணையும் தனியே ஒரு 10உம் வேண்டுமென்றே வைக்கப்பட்டுள்ளன. உரை முறையில் அனுப்பினால் அவை முதலில் சிதையும். படம் கெட்டது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

எஃப்.டி.பி.யில் கடவுச்சொல் மறைப்பின்றியே செல்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகள் 2021இல் இந்நெறிமுறையைக் கைவிட்டன. மாற்றாகப் பயன்படும் எஸ்.எஃப்.டி.பி., 22ஆம் வாயிலில் மறையாக்கம் செய்த ஒரே இணைப்பில் அனைத்தையும் அனுப்புவதால் இரு வழிச் சிக்கலும் அதில் இல்லை. உரிமை மறுப்பு, இடப் பற்றாக்குறை, பாதியில் அறுந்த கோப்பு ஆகியன அங்கும் உண்டு.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஒரு படக்கோப்பை இரும முறையிலும் உரை முறையிலும் அனுப்பி, சென்று சேர்ந்த கோப்புகளின் அளவுகளை ஒப்பிட்டுப் பதிவு செய்க. மூலக்கோப்பை அழித்துவிடாதீர்கள்.