பால் பல்லில் ஆழ்ந்த சொத்தை: முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டுமா?

‘விழப்போகிற பல்தானே, பிடுங்கிவிடலாமே’ என்று எங்களிடம் வரும் பெற்றோர் பலர் கேட்கின்றனர். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்குவது உண்மையே. ஆயின் பால் கடைவாய்ப் பற்கள் ஏறத்தாழ 9 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. ஐந்து வயதில் அவற்றுள் ஒன்றைப் பிடுங்கினால், ஆறு வயதளவில் அதற்குப் பின்னால் முளைக்கும் நிலையான கடைவாய்ப் பல் முன்னோக்கி நகர்ந்து அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். பின்னர் வரவேண்டிய பல் இடமின்றிக் கோணலாக முளைக்கும்.

சொத்தை ஆழமாக இருக்கும்போது வேறோர் இக்கட்டு எழுகிறது. பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழ் உள்ளது. பால் பல்லில் எனாமல் மெல்லியது; பற்கூழோ பெரியது. சொத்தை முழுவதையும் சுரண்ட முனைந்தால் பற்கூழ் திறந்துகொள்ளும். ஆகவே குழியின் ஓரங்களை நன்கு சுத்தம் செய்து, பற்கூழை ஒட்டிய மென்மையான பகுதியைச் சிறிதளவு அப்படியே விட்டு, மேலே இறுக அடைத்துவிடுகிறோம்.

‘சொத்தையை உள்ளே வைத்தே மூடுவதா?’ எனத் திகைப்பவர்கள் உண்டு. கிருமிகள் நாம் உண்ணும் சர்க்கரையைக் கொண்டு அமிலம் உண்டாக்கியே பல்லை அரிக்கின்றன. அடைப்பு இறுக்கமாக இருந்தால் சர்க்கரை அவற்றை எட்டாது, அரிப்பு ஓய்கிறது. பற்கூழும் தன் பக்கமிருந்து புதிய அடுக்கொன்றைக் கட்டிக்கொள்கிறது. அடைப்பு கசிந்தாலோ இவை யாவும் வீண்.

ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நோர்னா ஹாலின் பெயரால் வழங்கும் முறை இன்னும் எளிது. ஊசியும் துளைக்கருவியும் இன்றி, எஃகு உறையொன்றைப் பசையிட்டுப் பல்லின்மேல் அழுத்திப் பொருத்துவதே அது. தொடக்கத்தில் கடிக்கும்போது உறை உயரமாகத் தோன்றும்; சில வாரங்களில் கடி தானே சரியாகும். அதன் வெள்ளி நிறம்தான் சிலருக்குப் பிடிப்பதில்லை.

இவை பற்கூழ் நலமாக உள்ள பல்லுக்கே பொருந்தும். தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஈறில் சீழ்க் கொப்புளம், வயதுக்கு முந்திய ஆட்டம் ஆகியவை தோன்றிவிட்டால் பற்கூழ்ச் சிகிச்சையோ பல் அகற்றலோ தேவைப்படும். எனவே இனிப்பு பட்டால் மட்டும் கூசி உடனே அடங்கும் நிலையிலேயே குழந்தையை அழைத்து வாருங்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருப்பின் அன்றே வாருங்கள்.

ஃபுளோரைடு பற்பசையை மூன்று வயதுக்குள் அரிசியளவும், அதன்பின் பட்டாணியளவும் இட்டு, நாளுக்கு இருமுறை நீங்களே துலக்கிவிடுங்கள். இரவில் துலக்கியபின் தண்ணீர் மட்டுமே. பால் புட்டியும் வேண்டாம். வலி இல்லாவிடினும், அடைத்த பல்லைக் குறித்த நாளில் எங்களிடம் காட்டத் தவறாதீர்கள். கசிவு தொடங்குவது வெளியே தெரியாது.