மறைத்து வைத்தால் போதுமா?
வீட்டில் இருக்கும் துப்பாக்கியும் நம் குழந்தைகளும்



சென்ற மாதம் ஆவடிக்குப் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வாங்கி, கடன் தவணை வரவு வைத்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. எல்லோரும் எழுந்து போன பிறகு ஒரு அக்கா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். "மேடம், ஒரு விஷயம். யாருகிட்டயும் சொல்லல" என்று ஆரம்பித்தார்.

அவர் கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பிறகு சில வருடம் ஒரு வங்கியில் துப்பாக்கிக் காவலராக வேலை பார்த்தார். இப்போது அதுவும் இல்லை. ஆனால் லைசென்ஸ் இருக்கிறது, இரட்டைக் குழல் துப்பாக்கியும் இருக்கிறது. பழைய வேட்டியில் சுற்றிப் பரண் மேல் வைத்திருக்கிறார். தீபாவளிக்கு மறுநாள் ஆறு வயதுப் பேரன் முறுக்கு டப்பாவைத் தேடி ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறான். அக்கா கொல்லைப்புறத்திலிருந்து உள்ளே வந்தபோது, துப்பாக்கி தரையில் கிடக்கிறது. பையன் அதன் மேல் குதிரை ஓட்டிக்கொண்டிருக்கிறான். உள்ளே தோட்டா இருந்ததா இல்லையா என்று அக்காவுக்குத் தெரியாது. "எனக்கு அதைத் திறந்து பார்க்கவும் தெரியாது மேடம். அவருகிட்ட கேட்டா கோவிச்சுக்குவாரு. அப்படியே தூக்கி மேல வெச்சுட்டேன்."

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

நம்ம ஊரில் துப்பாக்கி ஏது?

பல குழுக்களில் இப்படித்தான் கேட்டார்கள். "அதெல்லாம் சினிமாவுல, அமெரிக்காவுல." உண்மைதான், அமெரிக்கா அளவுக்கு நம் ஊரில் துப்பாக்கி இல்லை. அங்கே 2020 முதல் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளும் வளரிளம் பிள்ளைகளும் இறப்பதற்கு முதல் காரணம் துப்பாக்கிக் குண்டுதான். விபத்தையும் நோயையும் அது முந்திவிட்டது.

ஆனால் நம் பகுதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை இருக்கிறது. தமிழ்நாடு சிறப்புக் காவல் படை இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஓய்வு பெற்ற படைவீரர் குடும்பங்கள் நிறைய. வங்கியிலும் பணம் கொண்டுபோகும் வண்டியிலும் துப்பாக்கியோடு காவல் வேலை பார்ப்பவர்கள் உண்டு. கிராமப் பக்கம் போனால் சில வீடுகளில் தாத்தா காலத்துத் துப்பாக்கியோ, பன்றி விரட்டும் நாட்டுத் துப்பாக்கியோ இருக்கலாம். பறவை சுடுகிற ஏர் கன்னும் இருக்கலாம். அது நம் வீட்டில் இல்லாவிட்டாலும், நம் பிள்ளை விளையாடப் போகிற வீட்டில் இருக்கலாம்.

நடந்தவை நான்கு

2007 டிசம்பரில் டெல்லியை அடுத்த குர்காவ்ன் நகரில், 14 வயது மாணவனை உடன் படித்த இரண்டு மாணவர்களே பள்ளிக்குள் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கி அவர்களில் ஒருவனின் அப்பாவுடையது. வீட்டில் இருந்ததை எடுத்து வந்திருக்கிறான்.

2011 ஜூலை 3ஆம் தேதி நம் சென்னையில், தீவுத்திடல் அருகே ராணுவக் குடியிருப்புக்குள் பாதாம் காய் பறிக்கப் போனான் 13 வயதுச் சிறுவன் ஒருவன். பக்கத்துக் குடிசைப் பகுதிப் பையன். ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் அவனைச் சுட்டார். பையன் இறந்துபோனான். 2012இல் நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

2021 டிசம்பர் 30ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம், துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து பறந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்தும் 2022 ஜனவரி 3ஆம் தேதி இறந்துவிட்டான். பயிற்சித் தளத்தை மூட மாவட்ட ஆட்சியர் உத்தரவிட்டார்.

2024 ஜூலை 31ஆம் தேதி பீகார் மாநிலம் சுபௌல் மாவட்டத்தில், நர்சரி படிக்கும் 5 வயதுக் குழந்தை புத்தகப் பையில் துப்பாக்கியை வைத்துப் பள்ளிக்குக் கொண்டுவந்து, 10 வயதுப் பையனைச் சுட்டது. குண்டு கையில் பட்டதால் உயிர் பிழைத்தான்.

இந்த நான்கில் நாம் எதைத் தடுக்க முடியும்? பயிற்சித் தளத்தைச் சரியாக நடத்துவது அரசின் பொறுப்பு. அதற்கு ஊர் கூடிக் குரல் கொடுக்கலாம். கோபத்தில் சுடுகிறவரைச் சட்டம்தான் கேட்க வேண்டும். ஆனால் முதல் சம்பவத்தையும் கடைசிச் சம்பவத்தையும் ஒரு பூட்டு தடுத்திருக்கும். 5 வயதுக் குழந்தையின் விரலுக்கே துப்பாக்கி வேலை செய்யும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மறைப்பது வேறு, பூட்டுவது வேறு

பரண் மேல், கட்டிலுக்கு அடியில், பீரோவில் புடவைக்கு நடுவில், அரிசி டிரம்முக்குப் பின்னால். பெரியவர்கள் மறைக்கிற இடம் எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். முறுக்கு டப்பாவை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிக்கிறார்களா இல்லையா? துப்பாக்கியும் அப்படித்தான். "என் பிள்ளை தொடமாட்டான்" என்று நம்பி இருக்க முடியாது.

லைசென்ஸ் துப்பாக்கி உள்ள வீட்டில் இந்த ஐந்தும் அவசியம்:

1. வீட்டில் வைக்கும்போது உள்ளே தோட்டா இருக்கக் கூடாது. லைசென்ஸ் வைத்திருப்பவரே எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். தெரியாதவர் திறந்து பார்க்கக் கூடாது.
2. துப்பாக்கி இரும்புப் பெட்டியிலோ இரும்பு பீரோவிலோ பூட்டி இருக்க வேண்டும்.
3. தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டில் இருக்க வேண்டும்.
4. சாவி லைசென்ஸ் உள்ளவரிடமே இருக்க வேண்டும். சாமி படத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள். அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடம்.
5. துடைக்கும்போது, எண்ணெய் போடும்போது குழந்தை பக்கத்தில் இருக்கக் கூடாது. குடித்திருக்கும்போது தொடவே கூடாது.

இது நாங்கள் சொல்கிற புத்திமதி மட்டும் இல்லை. ஆயுதச் சட்டம் 1959இல் வந்தது. அதன் கீழ் 2016இல் வந்த விதிகளின்படி, லைசென்ஸ் கேட்பவர் துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைப்பேன் என்று உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். 21 வயது ஆகாதவருக்கு லைசென்ஸ் கிடையாது.

மாமனார் இறந்துவிட்டார், துப்பாக்கி இருக்கிறது. என்ன செய்வது?

லைசென்ஸ் மனைவிக்கோ மகனுக்கோ தானாக வந்துவிடாது. ஆள் இறந்துவிட்டால், தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். வாரிசு வேண்டுமென்றால் தன் பெயரில் தனியாக லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நீங்களே பஸ் ஏறாதீர்கள். முதலில் பழைய லைசென்ஸ் புத்தகத்தோடு ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஊக்குநரையோ கூட்டமைப்புப் பொறுப்பாளரையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்க மறக்காதீர்கள்.

நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் இல்லாமல் இருந்தால் அது குற்றம். 2019இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, இதற்குக் குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறைத் தண்டனை உண்டு. வீட்டில் அப்படி ஒன்று இருந்து பயமாக இருந்தால், இலவச சட்ட உதவி எண் 15100இல் முதலில் ஆலோசனை கேளுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இந்த உதவி இலவசம்.

ஏர் கன்னும் தீபாவளித் துப்பாக்கியும்

திருவிழாவில் பலூன் சுடுகிற துப்பாக்கிதானே என்று நினைக்கிறோம். சக்தி குறைந்த சில ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதனால் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. அதன் சின்ன ஈயக் குண்டு கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். அதையும் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

2025 தீபாவளி சமயத்தில் மத்தியப் பிரதேசத்தில் பிளாஸ்டிக் குழாயில் கார்பைடு போட்டு வெடிக்கிற துப்பாக்கியால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கண்ணில் காயம். பெரும்பாலும் குழந்தைகள். செல்போனில் பார்த்து நம் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். குழாயும் கார்பைடும் கையில் இருந்தால் உடனே வாங்கி வையுங்கள். பொட்டு வெடித் துப்பாக்கியானாலும் ஆளைப் பார்த்து, முகத்தைப் பார்த்து நீட்டக் கூடாது என்று பழக்குங்கள்.

குழந்தைக்குச் சொல்லித்தர மூன்று வார்த்தை

துப்பாக்கியையோ தோட்டாவையோ எங்கே பார்த்தாலும்: தொடாதே. தள்ளிப் போ. பெரியவங்ககிட்ட சொல்லு.

பித்தளைத் தோட்டா கிடைத்தால் காயலான் கடையில் போட்டுக் காசு வாங்கலாம் என்று பிள்ளைகள் எடுத்து வருவதுண்டு. கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு 112க்குச் சொல்ல வேண்டும். 2018 ஜூனில் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர் வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டினார்கள். பெட்டி பெட்டியாகப் பழைய தோட்டாக்கள் கிடைத்தன. அவர்கள் போலீசுக்குச் சொன்னார்கள். அதுதான் சரி.

குழந்தை வந்து சொன்னால் "அங்க ஏன்டா போன?" என்று அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை சொல்லமாட்டான். இதைச் சொல்லித்தருவதால் பூட்டு வேண்டாம் என்று ஆகாது. குழந்தை மறந்துபோகும். பூட்டுவது நம் வேலை.

யாருக்காவது குண்டு பட்டுவிட்டால், சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். மஞ்சள், காபித் தூள் வேண்டாம். கண்ணில் குண்டு பட்டால் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. உடனே கண் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

துப்பாக்கியைக் காட்டி மிரட்டினால்

சில வீடுகளில் சண்டை வரும்போது துப்பாக்கியை எடுத்து மேலே வைப்பார்கள். சுடவே வேண்டாம், பார்த்தாலே வாய் அடைத்துப்போகும். அதுவும் குடும்ப வன்முறைதான். 2005ஆம் வருடச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். நீதிமன்றம் உத்தரவிட்டால் அந்த ஆயுதத்தைக் கைப்பற்ற அவர் நடவடிக்கை எடுப்பார். அவசரத்துக்கு 181 அல்லது 112. குழந்தைகளுக்கு 1098.

எப்படிக் கேட்பது?

பிள்ளையை உறவினர் வீட்டுக்கு அனுப்பும்போது, "நாய் இருக்கா, கிணறு மூடியிருக்கா" என்று கேட்கிறோம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதே மாதிரி, "துப்பாக்கி ஏதாவது இருந்தா பூட்டி வெச்சிருங்க அண்ணி, இவன் துறுதுறுன்னு இருப்பான்" என்று நம் பிள்ளை மேல் பழி போட்டே கேட்டுவிடலாம்.

அந்த அக்காவும் கடைசியில் கேட்டுவிட்டார். போன வாரம் போன் செய்தார். "எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டு போய் ஒப்படைக்கிறீங்களே, நம்ம பேரனுக்காக ஒரு பூட்டு போடக்கூடாதான்னு கேட்டேன் மேடம். ரெண்டு நாள் பேசவே இல்ல. மூணாம் நாள் அவரே டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு வாங்கிட்டு வந்துட்டாரு." அன்றைக்குத் தோட்டா உள்ளே இருந்ததா என்று கேட்டோம். "ஒண்ணு இருந்துச்சாம்" என்றார்.

அடுத்த கூட்டத்தில் பேச

1. நம் பிள்ளைகள் விளையாடப் போகிற வீடுகளில் துப்பாக்கியோ ஏர் கன்னோ இருக்கிறதா? யார் போய்க் கேட்பது?
2. இறந்தவர் பெயரில் உள்ள துப்பாக்கி யார் வீட்டிலாவது இருக்கிறதா? ஸ்டேஷனுக்கு யார் துணைக்குப் போவது?
3. மூன்று வார்த்தைப் பாடத்தை உங்கள் பிள்ளைக்குச் சொல்லித்தந்து, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டீர்களா?

பேசிய விவரத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். வீட்டு விஷயம் சொல்கிற உறுப்பினர் பெயரை மட்டும் எழுத வேண்டாம். அடுத்த இதழில் சந்திப்போம்.